பெயர் ஒன்று, பறவை பல

தோட்டத்தில் மண்ணைக் கிளறுவோரின் அருகிலேயே அமர்ந்து புழு தேடும் சிறு பறவையை ஆங்கிலேயர் ராபின் என்பர். செம்மார்பன் எனப் பொருள்படும் 'ரெட்பிரெஸ்ட்' என்பதே அதன் பழைய பெயர். ராபர்ட் என்னும் ஆண்பெயரின் செல்லவடிவமாகிய ராபின் அதற்கு அடைமொழியாயிற்று. நாளடைவில் அடைமொழியே பெயராக நிலைத்தது. உண்மையில் அதன் மார்பு சிவப்பன்று, ஆரஞ்சு நிறம். அந்நிறத்தைச் சுட்ட அக்கால ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. விக்டோரியா காலத்தில் சிவப்புச் சீருடை அணிந்த அஞ்சல்காரரும் ராபின் எனப்பட்டனர்.

வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர், அங்கே செம்மார்புடைய வேறொரு பறவையைக் கண்டு தாய்நாட்டுப் பெயரையே அதற்கும் சூட்டினர். ஐரோப்பிய ராபின் ஏறத்தாழ 14 செ.மீ. நீளமுடையது, அமெரிக்க ராபினோ 28 செ.மீ. வரை வளர்வது. லண்டனைக் கதைக்களமாகக் கொண்டு 1964இல் வெளிவந்த 'மேரி பாப்பின்ஸ்' திரைப்படத்தில் அமெரிக்க ராபின் தோன்றுவதைப் பறவை ஆர்வலர்கள் இன்றும் சுட்டி நகைப்பதுண்டு.

நம் நாட்டுக் கருஞ்சிட்டின் ஆங்கிலப் பெயர் இந்திய ராபின். ஆண்பறவையின் மார்பில் செம்மை சிறிதும் இல்லை. வாலடியில் மட்டுமே உண்டு. வியப்பு யாதெனில், ஐரோப்பிய ராபினும் கருஞ்சிட்டும் ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சார்ந்தவை. செம்மார்பு கொண்ட அமெரிக்க ராபினோ பூங்குருவிக் குடும்பத்தைச் சார்ந்தது. நிறத்தை நம்பிப் பெயரிட்டோர்க்கு உறவு புலப்படவில்லை.

உறவை அறிவது ஓர் இனத்தின் உயிரையே காக்கக்கூடும். நியூசிலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளில் வாழும் கருப்பு ராபின், மேற்கூறிய இரு குடும்பங்களுக்கும் புறம்பானது. 1980இல் உலகில் எஞ்சியிருந்தவை ஐந்தே பறவைகள். அவற்றுள் இனம்பெருக்கும் பெண்பறவை ஒன்றே. காலில் இட்ட நீல வளையத்தால் அது 'ஓல்டு புளூ' எனப் பெயர் பெற்றது. அதன் முட்டைகளை எடுத்து வேறு பறவையின் கூட்டில் வைத்தால், அது மீண்டும் முட்டையிடும். பாதுகாவலர்கள் முதலில் தேர்ந்த வளர்ப்புப் பறவையால் குஞ்சுகளை வளர்த்தெடுக்க இயலவில்லை. பின்னர் டாம்டிட் என்னும் பறவையின் கூட்டை நாடினர். பெயரில் ராபின் இல்லையெனினும், அது கருப்பு ராபினின் பேரினத்தையே சேர்ந்தது. அக்கூடுகளில் குஞ்சுகள் பிழைத்தன. இன்று வாழும் கருப்பு ராபின்கள் அனைத்தும் ஓல்டு புளூவின் வழித்தோன்றல்களே.