தைராய்டு மாத்திரையும் மூட்டுவலி மருந்தும்: சேர்த்து உட்கொள்ளும் முறை

தைராய்டு சுரப்புக் குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை உட்கொள்பவருக்கு மூட்டுவலியும் வந்து சேர்ந்தால், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தைராய்டு மருந்தின் பலனைக் கெடுக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அழற்சியை, அதாவது திசுவில் தோன்றும் வீக்கத்தையும் சூட்டையும் வலியையும், தணிக்கும் இம்மருந்துகள் வழக்கமான அளவில் லெவோதைராக்சினை நேரடியாகத் தடுப்பதில்லை; தடுப்பவை, அவற்றோடு சேர்த்து எழுதித் தரப்படும் கேஸ் மாத்திரையும் கால்சியமுமே.

வலி மாத்திரையைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, மூளையடிச் சுரப்பி தைராய்டைத் தூண்டச் சுரக்கும் டி.எஸ்.எச். என்னும் இயக்குநீரின் அளவை இரத்தத்தில் சோதிப்பதாகும். சுரப்புக் குறைவே மூட்டுப்பிடிப்பையும் தசைவலியையும் மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் வரும் விரல் மரப்பையும் உண்டாக்கக்கூடும் என்பதால், டி.எஸ்.எச். உயர்ந்திருப்பின் மருத்துவர் தைராக்சின் அளவை முதலில் திருத்துவார். திருத்தத்தின் முழு விளைவைக் காண 6 முதல் 8 வாரம் ஆகும்.

அடுத்தது நேரப் பங்கீடு. லெவோதைராக்சினைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீருடன் விழுங்கி, காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மூட்டுக்காகத் தரப்படும் கால்சியமும், இரும்புச்சத்து மாத்திரையும், அலுமினியம் அல்லது மக்னீசியம் கலந்த அமிலமுறி மருந்தும் குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்வதால், அவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. கால்சியத்தை மதிய உணவோடு சேர்த்துக்கொள்வதே எளிய வழி.

பான்டோப்ரசோல், ராபிப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகளின் சிக்கல் வேறு வகையானது. அவையும் காலை வெறும் வயிற்றில் என்றே எழுதப்படுவதால் இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்குவோர் உண்டு. ஆனால் நேரத்தைத் தள்ளிப்போட்டாலும் தொல்லை முழுதாகத் தீராது. தைராக்சின் கரைவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும், அந்த அமிலத்தையோ இம்மருந்துகள் நாள் முழுதும் குறைத்தே வைக்கின்றன. எனவே அவற்றைப் பல வாரம் தொடர்பவருக்கு டி.எஸ்.எச். சோதனையை மீண்டும் செய்து, தேவையெனில் தைராக்சின் அளவைக் கூட்டுவதே முறை. வலி மாத்திரைக்குள்ளேயே கேஸ் மருந்து கலந்து விற்கப்படுவதும் உண்டாகையால், அட்டையின் பின்புறத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படிப்பது அவசியம்.

வலி மாத்திரையை உணவுக்குப் பின், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கே உட்கொள்ள வேண்டும். வணிகப் பெயர் வேறு என்பதற்காக இரண்டு அழற்சி மருந்துகளைச் சேர்ப்பது இரைப்பைப் புண்ணை வரவழைப்பதாகும். சுரப்புக் குறைவு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைத் தாழ்த்த, வலி மாத்திரை அதற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைப்பதால், முதியோரும் இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோரும் கிரியேட்டினின் சோதனை செய்துகொள்வது நல்லது. முழங்கால் வலி மட்டுமே எனில், மேலே பூசும் டைக்ளோஃபினாக் ஜெல் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பலர் அதை அற்பமாக எண்ணித் தவிர்ப்பது சரியன்று.

சுரப்பு மிகுதிக்குக் கார்பிமசோல் உட்கொள்பவர் நிலை வேறு. அம்மருந்தே சிலருக்கு மூட்டுவலி தரும். அரிதாக வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். அதன் அறிகுறியான காய்ச்சலை வலி மாத்திரை மறைத்துவிடக்கூடும் என்பதால், தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றே இரத்தச் சோதனை செய்ய வேண்டும்.

மலம் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்க. தைராய்டு மாத்திரையை மட்டும் அவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.