அகரத்துக்கு வாங்க என்று எழுதுவதற்கு முன்

எங்கள் அகரம் திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை ஒட்டிய பேரூராட்சி. கரூர் போகும் நான்குவழிச் சாலை பக்கத்தில் ஓடுகிறது. திண்டுக்கல் ரயில் சந்திப்பும் தூரமில்லை. இருந்தும் படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிறார்கள். நாலு சிறுதொழில்கள் இங்கே வந்தால் அவர்கள் ஊரிலேயே இருப்பார்களே என்று, தொழில் தொடங்க வருபவர் கையில் கொடுக்க ஒரு தகவல் தொகுப்பை நாங்கள் சிலர் சேர்ந்து தயாரித்தோம். அதில் தெரிந்துகொண்டதை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெரிய ஆலைகளை அழைத்துவர 1992 முதல் தமிழக அரசுக்குக் கைடன்ஸ் நிறுவனம் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே நிலக்கோட்டையில் சிப்காட் வளாகம் இருக்கிறது. ஆனால் முப்பது பேருக்கு வேலை தரும் ஒரு தையல் யூனிட்டைத் தேடிப்பிடித்து ஒரு பேரூராட்சிக்குக் கொண்டுவந்து சேர்க்க வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். ஊர்தான் செய்ய வேண்டும்.

எழுத உட்கார்ந்தால் கை முதலில் பெருமைக்குத்தான் போகும். முத்தாலம்மன் கோயில், தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்கள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு என்று பக்கம் நிறைந்துவிடும். எல்லாம் உண்மை. ஆனால், இடம் பார்க்க வந்த ஒரு திருப்பூர்க்காரர் எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான்: “ஏனுங்க, போர் எத்தனை அடி? தண்ணி டிடிஎஸ் எவ்வளவு?”

திண்டுக்கல் பக்கம் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே உண்டு. தோல் பதனிடும் தொழில் இந்த ஊருக்கு வேலையும் கொடுத்தது, கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தபோது, அந்த ஆலைகள் இருந்த மாவட்டங்களின் பட்டியலில் நம் மாவட்டமும் இருந்தது. தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியும். நாம் மறைத்தால் தொகுப்பில் உள்ள மற்ற எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

அதனால் தண்ணீரை முதல் பக்கத்தில் வைத்தோம். நாலு திசையிலும் கிணறு, போர்வெல் பார்த்து, கோடையில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறையும் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை அடி, கரைந்த உப்பு (டிடிஎஸ்) எவ்வளவு என்று அப்படியே அச்சிட்டோம். குடகனாற்றில் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் தெரியும் என்பதையும் எழுதினோம். ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் கோபம். “ஊரு மானத்தை நாமளே வாங்கணுமா தம்பி?” என்றார். “ஐயா, வந்து இயந்திரம் இறக்கின பிறகு அவருக்குத் தெரிஞ்சா மானம் இன்னும் மோசமாப் போகும்” என்றேன். நான் இன்றைக்கும் அதையே சொல்வேன்.

அந்தப் பக்கத்தைப் படித்ததும் சாயப்பட்டறை நினைப்பில் வந்தவர் தாமாகவே விலகிக்கொள்வார். அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. தண்ணீர் அதிகம் கேட்காத தொழில்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். தையல், பேக்கிங், கிடங்கு, முருங்கை இலைப் பொடி எல்லாம் இந்த வகை. முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அரசு அறிவித்த மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. முருங்கை, ஒட்டன்சத்திரம் காய்கறி, நிலக்கோட்டைப் பூ ஆகியவற்றின் வரத்து எந்த மாதம் அதிகம், எந்த மாதம் குறைவு என்பதை ஒரே அட்டவணையில் கொடுங்கள். மூலப்பொருள் தேடுகிறவர் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டு போகிறார்.

நிலத்தைப் பற்றி ஒன்று கறாராகச் சொல்கிறேன். தரகர் வாயில் வந்ததை எழுதாதீர்கள். சர்வே எண், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று பார்த்து, உரிமையாளர் விற்கவோ வாடகைக்கு விடவோ சம்மதித்த இடங்களை மட்டும் சேருங்கள். நஞ்சையா புஞ்சையா, பாதை எத்தனை அடி அகலம், கண்டெய்னர் லாரி உள்ளே திரும்புமா என்பதும் வேண்டும். லாரி திரும்புமா என்பதற்கு ஒரு லாரி டிரைவரைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினால் போதும். மின்சாரத்துக்கு எந்தத் துணைமின் நிலையம், பராமரிப்புக்காக மாதத்தில் எத்தனை நாள் நிறுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். தோட்டத்து மோட்டாருக்கு இருக்கும் இலவச இணைப்பைக் காட்டி “கரண்ட் இருக்கு” என்று யாரையும் நம்பவைக்காதீர்கள். தொழிலுக்குத் தனி இணைப்புதான் வாங்க வேண்டும்.

ஆள் விஷயத்தில் மக்கள்தொகைக் கணக்கு உதவாது. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளின் வேன்கள் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்கின்றன என்று பாருங்கள். ஏறுகிற பெண்களிடம் பேசுங்கள். வீட்டுப் பக்கத்தில் வேலை கிடைத்தால் வருவார்களா, எந்த ஷிப்ட் ஒத்துவரும் என்று கேட்டு எழுதுங்கள். திண்டுக்கல் அரசு ஐடிஐ, காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் என்ன படிப்புகள் உள்ளன என்று ஒரு வரி போதும். ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழா நேரத்தில் ஊரில் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். முன்பே தெரிந்தால் முதலாளி அதற்கேற்ப ஆர்டர் எடுப்பார்.

பூட்டு பற்றியும் அதே நேர்மை வேண்டும். அலிகார் பூட்டுகளின் விலைப் போட்டியில் நம் பட்டறைகள் நலிந்துவிட்டன. புவிசார் குறியீட்டுப் படத்தைப் போடுவதைவிட, கையால் பூட்டு செய்யத் தெரிந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதினால், உலோக வேலை செய்ய வருபவருக்கு அது உதவும்.

அனுமதிகளுக்கு மாவட்டத் தொழில் மையத்தின் ஒற்றைச்சாளர முறை, மானியத்துடன் கூடிய நீட்ஸ் திட்டம், பேரூராட்சி உரிமம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளைப் பிரிவுகளில் தன் தொழில் எதில் வரும் என்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பிரிவுக்குத் தகவல் தெரிவித்தாலே போதும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தகவல் எடுத்த தேதியும், எங்கிருந்து எடுத்தது என்பதும் இருக்க வேண்டும். அழைத்தால் எடுத்துப் பேசுகிற ஒருவரின் எண்ணும் வேண்டும்.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று செய்ய நினைத்தால் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம்.