அசையும் எல்லை: ஹோர்ட்டன் சமவெளியின் காடும் புல்லும்

இலங்கையின் இயற்கைத் தாவரப் படத்தை வரையும்போது காட்டுக்கு ஒரு நிறமும் பத்தனைப் புல்நிலத்துக்கு வேறொரு நிறமும் தீட்டுகிறோம். இடையில் ஒரு கோடு. பரீட்சைக்கு அது போதும். ஆனால் நிலத்தில் அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை.

ஹோர்ட்டன் சமவெளியை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3,160 ஹெக்டெயர் பரப்பில் அமைந்த இது 1988இல் தேசிய பூங்காவானது. இங்கே மேடுகளில் குட்டை மரங்கள் நிறைந்த முகிற் காடு, பள்ளங்களில் புல். ஏன் இப்படி? குளிர்ந்த காற்று பாரமானது. இரவில் அது சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கு உறைபனி படியும். புல்லின் நுனி கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், மரக்கன்றோ பட்டுப்போகும். ஈர மண்ணும், முற்காலத்தில் மனிதர் மூட்டிய தீயும் புல்லுக்கே துணைபோயின. காட்டுக்குள் நிலைமை நேர்மாறானது. மேலே கவிந்த கிளைகள் தரையின் வெப்பத்தைக் காப்பதால் கன்று பிழைத்துக்கொள்கிறது. காடு காட்டை வளர்க்கிறது, புல்வெளி புல்லை வளர்க்கிறது எனலாம்.

இந்தச் சமநிலை காலநிலையோடு மாறும். இங்குள்ள சதுப்பு மண்ணில் புதைந்த மகரந்தத்தை ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில் பருவமழை குறைந்திருந்தபோது, புல்நிலமே பரந்திருந்தது. பின்பு மழை கூட, காடு விரிந்தது. சோலைக்காடும் புல்வெளியும் இதேபோல் அடுத்தடுத்துள்ள தமிழ்நாட்டின் நீலகிரியிலும், 1993இல் வெளியான சதுப்பு மண் ஆய்வு இதற்கு ஒத்த கதையையே சொல்கிறது.

மழை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்ததை மனிதர் மிக விரைவாகச் செய்துவிட்டனர். நீலகிரிப் புல்வெளியை வெற்று நிலமென்று எண்ணி ஆங்கிலேயர் சீகை மரமும் யூக்கலிப்டசும் நாட்டினர். சீகை தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்கியது. மரம் நடுவது எப்போதும் நன்மை என்றே சுற்றாடல் தினத்தில் பேசுகிறோம். எங்கே, எந்த மரம் என்று கேட்பவர் குறைவு!

ஹோர்ட்டன் சமவெளியிலோ இரு பக்கமும் இழப்பு. 1970களிலிருந்து கீன போன்ற காட்டு மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. வறட்சி, மண்ணின் தன்மை, நோய் எனப் பல விளக்கங்கள் உண்டு. புல்லின் பக்கத்தில், ஆங்கிலேயர் கொண்டுவந்த உலெக்ஸ் என்னும் முட்புதர் பரவுகிறது.

இது தொலைதூர மலையின் பிரச்சினை மட்டுமா? மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்றுக்கும் இச்சமவெளியிலிருந்து நீர் செல்கிறது. முகிற் காடு மூடுபனியை இலையிலும் பாசியிலும் பிடித்து நீராக்குகிறது; புல்லின் கீழுள்ள கரிய மண் மழையை உறிஞ்சி மெல்ல மெல்ல விடுகிறது. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படும் களனி நீர்தான். தெமட்டகொடையில் இருக்கும் நமக்கு இரண்டும் வேண்டும்.

உலெக்ஸ் புதரை வனசீவராசிகள் திணைக்களமும் தொண்டர்களும் பிடுங்கி வருகின்றனர். அதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடப்பதால், பிடுங்கிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது.