அந்தரங்கமும் ஒற்றாடலும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை அரசியல் அறிவியல்)

முன்னுரை

'மறைப்பதற்கு என்ன இருக்கிறது?' என்ற கேள்வியைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் எவரும் இலர். வீட்டில் பெற்றோர் கேட்பர். விடுதியில் காப்பாளர் கேட்பார். காவல் நிலையத்தில் காவலர் கேட்பார். மறைப்பவன் குற்றவாளி என்பது நம் சமுதாயத்தின் பொது எண்ணம். இந்த எண்ணத்திற்கும், நம் நாட்டின் உளவு அமைப்புகள் இன்றுவரை தனிச்சட்டம் இன்றி இயங்குவதற்கும் தொடர்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த ஒற்று

இரண்டு ஆண்டுகளுக்கு முன், விடுமுறைக்கு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த என் தங்கை, தினமும் இரவில் ஒரு நோட்டில் ஏதோ எழுதி, அதைத் துணிப் பெட்டியின் அடியில் வைப்பாள். ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துப் படித்தேன். அவள் நன்மைக்காகவே படிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் தவறான செய்தி ஒன்றுமில்லை. வெளியூர் சென்று செவிலியர் படிப்புப் படிக்க வேண்டும் என்ற ஆசையும், வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சைக் கண்டு அவளுக்கிருந்த அச்சமும்தான் இருந்தன. நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா உறவினர் நால்வர் இருந்த கூடத்தில் வைத்து அவளைக் கேட்டார். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று மாலை நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அதன்பின் அவள் எதுவும் எழுதி நான் பார்க்கவில்லை. அவளை யாரும் அடிக்கவில்லை, கடிந்துகூடப் பேசவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று எங்கள் வீட்டில் அன்று உடைந்தது.

அரசியலமைப்புச் சட்டம் பற்றிய பாடங்களைப் பின்னர் வகுப்பில் கேட்டபோது எனக்குள் நான்கு கேள்விகள் எழுந்தன. எந்த அதிகாரத்தால் அதைப் படித்தேன்? எந்தத் தேவைக்காக? தேவைக்கு மேல் எவ்வளவு பார்த்தேன்? யாருக்குக் கணக்குச் சொன்னேன்? நான்கிற்கும் என்னிடம் விடையில்லை. இந்த நான்கு கேள்விகளையும் நம் சமுதாயத்தின் மீதும் அரசின் மீதும் வைத்துப் பார்ப்போம்.

நம் சமுதாயமும் அந்தரங்கமும்

பேருந்தில் பக்கத்தில் அமர்பவர் ஊர் எது, வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நமக்கு இயல்பு. மணமான பெண்ணிடம் 'விசேஷம் உண்டா?' என்று கேட்பதும் இயல்பு. இதை முழுவதும் குறை என்று தள்ளிவிட முடியாது. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்த அடுத்த வீட்டுக்காரர்தாம் முதலில் ஓடிவருகிறார். ஒரே அறையில் ஆறுபேர் உறங்கும் வீட்டில் கதவு என்பதே செல்வர்க்கு உரிய பொருள்.

ஆனால் இந்த விசாரணை எல்லோரிடமும் ஒரே அளவில் நடப்பதில்லை. சுற்றுச்சுவர் எழுப்பிய மாளிகையில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. வாடகைக்கு வீடு தேடி வருபவரிடம் ஊரைக் கேட்பது போலத் தொடங்கிச் சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆணின் கைப்பேசியைத் தொடத் தயங்கும் வீடு, பெண்ணின் கைப்பேசியை வாங்கிப் பார்க்கத் தயங்குவதில்லை. ஆகவே, நம் சமுதாயத்தில் அந்தரங்கம் அடியோடு இல்லை என்பது சரியன்று. அது வலியவர்க்கு இருக்கிறது, எளியவர்க்கு இல்லை என்பதே சரி.

அந்தரங்கம் மேல்நாட்டுச் சரக்கு என்று கூறுவோர் உளர். நம் இலக்கியம் அவ்வாறு கூறவில்லை. வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பிரித்தவர் தமிழர். புறப்பாடலில் மன்னன் பெயரையும் ஊரையும் சொல்லலாம். அகப்பாடலில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. உள்ளத்து உணர்வை உலகறியப் பாடலாம். அது யாருடையது என்று காட்டிக்கொடுக்கலாகாது. அந்தரங்கத்தைப் பேணும் பண்பு இம்மரபில் தெளிவாகத் தெரிகிறது.

அதே சமயம் வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வைத்தார். அரசுக்கு ஒற்றர் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துவந்தால்தான் ஏற்க வேண்டும் என்றும் அவர் கூறுவது எண்ணத்தக்கது. ஒற்றனையும் கண்காணிக்க வேண்டும் என்ற கருத்து நமக்குப் புதிதன்று.

நீதிமன்றம் நடந்த பாதை

நம் அரசியலமைப்பில் அந்தரங்கம் என்ற சொல்லோடு தனிப் பிரிவு கிடையாது. 1954-இல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அத்தகைய உரிமையை ஏற்கவில்லை. பின்னர் வந்தது கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இவர் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சேர்க்கப்பட்டு, சாட்சியம் இல்லாமையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் போலீசார் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு ஒன்றைத் திறந்தனர். கிராமச் சௌக்கிதாரும் காவலரும் இரவில் கதவைத் தட்டி அவரை எழுப்புவர். 1962-இல் உச்ச நீதிமன்றம் இரவில் வீடு புகுவதை மட்டும் செல்லாது என்றது. பின்தொடர்வது, வீட்டை மறைந்து நோக்குவது ஆகியவற்றை விட்டுவிட்டது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அந்தரங்கம் தனிமனிதச் சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்பது அவர் கருத்து.

1994-இல் தமிழ்நாட்டு வழக்கொன்று இதில் திருப்பத்தைத் தந்தது. மரண தண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் இதழ் தொடர்ந்த வழக்கு அது. தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், அரசு அதிகாரிகள் தம் பணி தொடர்பான செயல்களை இந்த உரிமையால் மூடி மறைக்க முடியாது என்றும் கூறியது. குடிமகனுக்குத் திரை, அரசுக்கு வெளிச்சம் என்பதே இதன் சாரம்.

இறுதியாக, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். ஏழை நாட்டில் அந்தரங்கம் உயர்ந்தோரின் கவலை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. என் நான்கு கேள்விகளில் மூன்று இதில் அடங்கிவிட்டதைக் கண்டு வியந்தேன். நான்காவது கேள்வி, யாருக்குக் கணக்கு என்பது.

உளவு அமைப்புகளின் நிலை

மத்திய உளவுத்துறையின் வேர் 1887-இல் ஆங்கிலேயர் காலத்தில் ஊன்றப்பட்டது. வெளிநாட்டு உளவுக்காக 'ரா' அமைப்பு 1968-இல் தோன்றியது. இவ்விரண்டையும் தோற்றுவித்து, அவற்றின் கடமையையும் எல்லையையும் வகுத்த நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. 2008-இல் தோன்றிய தேசிய புலனாய்வு முகமைக்குச் சட்டம் உண்டு என்பதை ஒப்பிட்டு நோக்கலாம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்கள் நீங்கலாக, இவ்வமைப்புகளுக்கு விலக்களித்துள்ளது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் தருகிறது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பை எடுத்துக்கொள்வோம். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமே நெடுங்காலம் இதற்கு ஆதாரமாக இருந்தது. 1996-இல் பி.யூ.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் சில விதிகளை வகுத்தது. உள்துறைச் செயலாளரே ஆணையிட வேண்டும். ஆணை இரண்டு மாதமே செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது. மறுஆய்வுக் குழு ஒன்று அதைப் பரிசீலிக்க வேண்டும். நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை. தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டமும், 2024-இல் அதன்கீழ் விதிகளும் வந்துள்ளன. ஆணையிடுபவரும் அதிகாரி, ஆய்பவரும் அதிகாரி என்ற ஏற்பாடு மாறவில்லை. மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருப்பதை, 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. இத்தனை ஆணைகளையும் ஒரு கூட்டத்தில் எவரால் படித்து ஆராய முடியும்?

நாட்டில் எதிர்ப்பே எழவில்லை என்று கூற முடியாது. 1986-இல் தபால்களை இடைமறிக்க விரிந்த அதிகாரம் தரும் அஞ்சலகத் திருத்த மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தராமலே வைத்துக்கொண்டார். 1988-இல் ஒட்டுக்கேட்புப் புகாரால் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991-இல் ராஜீவ் காந்தியின் இல்லத்தை அரியானாக் காவலர் இருவர் உளவு பார்த்தனர் என்ற குற்றச்சாட்டு, சந்திரசேகர் அரசின் பதவி விலகலில் முடிந்தது. தலைவர்களை உளவு பார்த்தால் அரசே ஆட்டம் காண்கிறது. சாதாரணக் குடிமகனை உளவு பார்த்தால் அவனுக்கே அது தெரிவதில்லை.

பாதுகாப்பு வேண்டாமா?

இவ்விடத்தில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி நேர்மையானது. "1998-இல் கோவையில் குண்டுகள் வெடித்தன, 2008-இல் மும்பையில் 166 பேர் மாண்டனர். உயிர் போனபின் அந்தரங்கம் யாருக்கு?" என்றார். உளவு அமைப்பு கூடாது என்று நானும் கூறவில்லை. பெயர் வெளிவராமல் உயிரைப் பணயம் வைக்கும் அதிகாரிகளுக்கு நாடு கடன்பட்டுள்ளது. ஆனால் அதிகம் பார்ப்பதால் மட்டும் பாதுகாப்பு வளர்வதில்லை. 1999 கார்கில் போருக்குப்பின், திருச்சிராப்பள்ளியில் பிறந்தவரான கே.சுப்ரமணியம் தலைமையில் அமைந்த குழு, கிடைத்த தகவல்களை ஒருங்கிணைத்து ஆராய்வதில் இருந்த குறைகளை எடுத்துக்காட்டியது. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுபவன் மேலும் வைக்கோலைக் கொட்டிக்கொண்டால் ஊசி கிடைத்துவிடுமா?

மேலும், சட்டக் கட்டுப்பாடு உளவுத்துறையை முடமாக்கிவிடும் என்பதற்குப் பிறநாட்டு அனுபவம் சான்றாகவில்லை. அமெரிக்காவில் 1975-இல் சர்ச் குழு உளவு அமைப்புகளின் முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தது. 1978-இல் இதற்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. பிரிட்டன் 1989, 1994 ஆகிய ஆண்டுகளில் தன் அமைப்புகளுக்குச் சட்டம் இயற்றி, நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்றையும் அமைத்தது. அங்கும் தவறுகள் நடந்தன. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. நம் நாட்டில் 2011-இல் மனீஷ் திவாரி மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

வேண்டிய சீர்திருத்தங்கள்

என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஐந்தைக் குறிப்பிடுவேன். ஒன்று, ஒவ்வோர் உளவு அமைப்பின் கடமையையும் எல்லையையும் நாடாளுமன்றச் சட்டம் வகுக்க வேண்டும். இரண்டு, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்த, இரகசியக் காப்புறுதி ஏற்ற நாடாளுமன்றக் குழு அவற்றை மேற்பார்வையிட வேண்டும். மூன்று, ஒட்டுக்கேட்பு ஆணையை நீதிபதி ஒருவர் பார்த்த பின்னரே நிறைவேற்ற வேண்டும். அவசரமாயின் சில நாட்களுக்குள் அவர்முன் வைக்க வேண்டும். நான்கு, பெயர்களை வெளியிடாவிட்டாலும் ஆண்டுதோறும் ஆணைகளின் எண்ணிக்கையையாவது வெளியிட வேண்டும். ஐந்து, குற்றமற்றவர் எனத் தெரிந்தபின் அவரைப் பற்றித் திரட்டியதை அழித்து, பாதுகாப்புக்கு இடையூறு இல்லாதபோது அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

சட்டம் மட்டும் போதாது. பெட்டியைத் திறந்து பார்க்கும் அண்ணன்மார் உள்ள நாட்டில், பெட்டியைத் திறந்து பார்க்கும் அரசைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது. ஆகவே சீர்திருத்தம் நாடாளுமன்றத்திலும் நடக்க வேண்டும். நம் கூடத்திலும் நடக்க வேண்டும்.

இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்குமுன் என் தங்கையிடம் காட்டினேன். நான் செய்ததற்கு அப்போதுதான் முதன்முறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் முழுவதையும் படித்துவிட்டு, பேனாவை வாங்கி, அவளைப் பற்றிய இரண்டு வரிகளை அடித்தாள். "மற்றது இருக்கட்டும் அண்ணா" என்றாள். அவ்வரிகள் இங்கே இல்லை. அவை என்ன என்று வாசகர்கள் என்னைக் கேட்கமாட்டார்கள் என நம்புகிறேன்.