நாய்க்குட்டிக்கு முதலில் சூடு, பிறகே பால்

மார்கழி தொடங்கி மாசி முடியும்வரை, விடியற்காலையில் களத்துமேட்டுக்குச் செல்லும் விவசாயிகள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வைக்கோல் போரின் அடியில் தாய் நாய் படுத்திருக்கும். நான்கைந்து குட்டிகள் அதன் மடியில் முட்டிக்கொண்டிருக்கும். ஒரு முழம் தள்ளி ஒரு குட்டி மட்டும் சில்லிட்டுக் கிடக்கும். அநேகமாக அது கடைக்குட்டியாக இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் இரக்கப்பட்டு அதை எடுத்து, பாலைக் காய்ச்சி, பஞ்சில் நனைத்து வாயில் பிழிவார்கள். சற்று நேரத்தில் குட்டி இறந்துவிடும். "பனி தாங்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் பனியில் தப்பிய குட்டியை அந்தப் பாலே கொன்றிருக்கக்கூடும்.

நாட்டு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்திலும் அது முடியும் தறுவாயிலும் இணை சேருகின்றன. சினைக்காலம் சுமார் 63 நாட்கள். ஆகவே குட்டிகள் பிறப்பது சரியாகப் பனிக்காலத்தில் வந்து சேருகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. ஆட்டுப்பட்டிக்கும், கோழிக்கும், பன்றி இறங்கும் கடலைக் காட்டுக்கும் காவல் இருக்கும் நாய் நல்ல வர்க்கமாக இருந்தால், அதன் குட்டி ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஒரு சொத்து. அதை வீணே இழக்க வேண்டியதில்லை.

சிறிய உடலுக்கு ஏன் அதிகக் குளிர்?

ஒரு டம்ளர் வெந்நீரையும் ஓர் அண்டா வெந்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டம்ளர் சீக்கிரம் ஆறிவிடும்; அண்டா நெடுநேரம் சூடாக இருக்கும். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்க மேற்பரப்பு கூடுகிறது. சூடு வெளியேறும் வழியும் கூடுகிறது. பிறந்த நாட்டுக் குட்டி 300 கிராம் அளவே இருக்கும். தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. குளிர்ந்தால் நாமும் பெரிய நாயும் நடுங்குகிறோம். நடுக்கத்தால் உடலில் சூடு பிறக்கிறது. பிறந்த குட்டிக்கு முதல் ஒரு வாரம் நடுங்கத் தெரியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவையின் உடலுமே அதற்குக் கணப்பு.

வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். முதல் வாரக் குட்டிக்கு 95 முதல் 98 டிகிரிதான் இருக்கும். இது 94 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடலின் அசைவு நின்றுபோகிறது. அப்போது உள்ளே போன பால் செரிக்காது. வயிற்றிலேயே தங்கிக் கெட்டு, வயிறு உப்பும். விழுங்கும் சக்தியும் குறைந்துவிடுவதால் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சேருவதும் உண்டு. குளிர்ந்த குட்டி பால் குடிக்காது. பால் குடிக்காத குட்டி மேலும் குளிரும். சில்லிட்ட குட்டியைத் தாயே ஒதுக்கித் தள்ளிவிடுவதும் இதனோடு சேர்ந்துகொள்ளும். இந்தச் சுழலை அறுக்க வேண்டிய இடம் சூடுதான், பால் அல்ல.

உறைபனி விழும் உதகையிலும், குளிர் மிகுந்த தாளவாடி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களிலும் மட்டுமே இந்த ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. குட்டிக்கு முதல் வாரத்தில் படுக்கையருகே 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. சமவெளியில் மார்கழி இரவில் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். படுக்கை நனைந்துவிட்டால் அதுவே குட்டியைச் சாகடிக்கப் போதும்.

சில்லிட்ட குட்டியை மீட்பது

குட்டியின் வாயில் சுத்தமான விரலை வைத்துப் பார்க்க வேண்டும். வாய் சில்லென்றிருந்து, விரலைச் சப்பாமல் இருந்தால் குட்டி ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். உடனே ஈரம் போகப் பழந்துணியால் துடைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்தோ, முந்தானைக்குள் வயிற்றோடு கட்டியோ வைத்துக்கொள்ள வேண்டும். மனித உடம்பைவிடப் பாதுகாப்பான சூடு வேறில்லை. வேலை இருப்பவர்கள், கை பொறுக்கும் வெந்நீரைப் பாட்டிலில் நிரப்பி, துணியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கூடையில் வைத்து, அதன் அருகே குட்டியைப் படுக்க வைக்கலாம். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் அவ்வப்போது நீரை மாற்ற வேண்டும். குட்டியை அடுப்பனலில் காட்டுவதும், வெந்நீரில் முக்குவதும் கூடாது. தோல் வெந்துபோகும், உள்ளே சூடு ஏறியிருக்காது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் பொறுமையாகச் சூடேற்ற வேண்டும்.

வாய் வெதுவெதுப்பாகி, விரலைச் சப்பத் தொடங்கியதும் தாயிடம் விடலாம். பால் அதிகம் சுரக்கும் பின்காம்பில் சேர்த்து, பலசாலிக் குட்டிகளைச் சற்று நேரம் விலக்கிப் பிடிப்பது நலம். பிறந்த முதல் நாளின் சீம்பால் நோய் எதிர்ப்புக்கு இன்றியமையாதது.

தாய் இறந்திருந்தால் நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவே ஏற்றது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் வெறும் பசும்பால் போதாது. அவசரத்துக்கு ஒரு டம்ளர் பசும்பாலில் ஒரு முட்டையின் மஞ்சள் கருவை அடித்து, வெதுவெதுப்பாகக் கொடுத்துச் சமாளிக்கலாம். குட்டியைக் குழந்தைபோல் மல்லாத்திப் புகட்டவே கூடாது. குப்புறப் படுத்த நிலையில் தலையைச் சற்று உயர்த்திக் கொடுக்க வேண்டும். பால் கொடுத்தபின் வெந்நீரில் நனைத்த துணியால் பின்புறத்தைத் தடவினால்தான் குட்டி சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிவிடுவதன் காரணம் இதுவே.

படுக்கை

பலரும் செய்வது தரையில் ஒரு சாக்கை விரிப்பது. சாக்கு தரையின் ஈரத்தையும் குட்டியின் சிறுநீரையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. இரவு முழுவதும் ஈரத்துணியில் படுத்ததாகிவிடும். தென்னை நார்க்கழிவும் அப்படியே. நெல் வைக்கோலுக்கு நிகரில்லை. அதன் தாள்களுக்கு இடையே தங்கும் காற்றுதான் போர்வை. ஈரம் அடியில் வடிந்துவிடும். ஒரு சாண் கனத்துக்கு உதறிப் போட்டு, நனைந்ததைத் தினமும் நீக்கிப் புதியதைப் போட வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் ஆகாது.

பழைய பழப்பெட்டி ஒன்று போதும். அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். வாடைக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வீசுவதால் வாசலைத் தெற்கே பார்க்க வைக்கலாம். தாய் புரண்டு படுக்கும் அளவு இருந்தால் போதும். பெரிய பெட்டி சூடு தங்காத பெட்டி. வாசலில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை அடித்தால் குட்டிகள் உருண்டு வெளியே விழாது. கடைக்குட்டி ஒரு முழம் தள்ளிக் கிடந்ததற்கு அந்தப் பலகை இல்லாததே காரணமாக இருக்கலாம். மேலே தகரம் போட்டால் விடியலில் பனிநீர் உட்புறம் கோத்துச் சொட்டும். கீற்று அல்லது பனையோலை மேல்.

கோழிக்குஞ்சுக்குச் செய்வதுபோல் பெட்டியின் ஒரு மூலையில், இரண்டடி உயரத்தில், 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடலாம். இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றி இந்த வேலைக்கு வேண்டிய சூட்டைத் தராது. அதை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு! ஒயரைத் தாய் கடிக்காதவாறு உயர்த்திக் கட்ட வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து முனகினால் சூடு போதவில்லை. விலகி விலகிப் படுத்து மூச்சு வாங்கினால் அதிகம். அருகருகே அமைதியாகத் தூங்கினால் சரி. இரண்டாம் வாரத்திலிருந்து பல்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி, நான்காம் வாரத்தில் அகற்றிவிடலாம்.

மோட்டார் அறையிலோ வீட்டுக்குள்ளோ கதவைச் சாத்திக்கொண்டு கரி நெருப்புச் சட்டி வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். கரி எரிவதில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை இல்லை. குட்டி மட்டுமல்ல, அதே அறையில் படுத்த மனிதரும் எழுந்திருக்க மாட்டார்.

வளர்ந்த நாய்

தாய்க்கு இக்காலத்தில் இரை கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் நாய் வழக்கத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தின்னும். பகலில் ஒரு வேளை கஞ்சி ஊற்றுவதைவிட, மாலை மங்கும்போது கேழ்வரகுக் களியோடு வேகவைத்த முட்டையோ, கருவாட்டுத் தலையோ சேர்த்துப் போட்டால் இரவுக் குளிருக்கு அது எரிபொருளாகும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்கு மயிர் குட்டை, மேனியில் கொழுப்பும் குறைவு. அடர்ந்த மயிருள்ள பொமரேனியனைவிட இவையே அதிகம் குளிரும். அவிழ்த்துவிட்ட நாய் அடுப்புச் சாம்பலையோ வைக்கோல் போரையோ தானே தேடிக்கொள்ளும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு அந்த வழி இல்லை. கட்டியவர்தான் படுக்கை தர வேண்டும். சொறிக்காக வண்டி எஞ்சின் கழிவு எண்ணெயைப் பூசும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது மயிரைக் குலைத்துக் குளிரை உள்ளே விடுவதோடு, நாய் நக்கினால் விஷமும் ஆகும்.

குளிருக்கு இரங்கிச் சிறுவர்கள் குட்டியைப் போர்வைக்குள் எடுத்துப் படுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். குட்டியின் பல்லோ நகமோ கீறினால், "குட்டிதானே" என்று விட்டுவிடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் குட்டிகளுக்கும் வரும். கீறிய இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிக்கு இரண்டாம் வாரத்தில் குடற்புழு மருந்தும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லலாம்; பனிக்காலமாதலால் வெயில் ஏறிய பிறகு, கூடையில் வைக்கோல் போட்டு எடுத்துச் செல்வது நலம்.