குடிபோதையா? மூளையின் பசியா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெரு தமிழர்களுக்குப் புதிய இடமன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய தெரு அது. நாகூர் தர்கா அங்குதான் உள்ளது. அதே தெருவில் இன்று மலிவு விலைத் தங்கும் விடுதிகளும் மதுக்கடைகளும் இருக்கின்றன. இரவில் அங்கே ஒருவர் தள்ளாடினாலோ உளறினாலோ, “தண்ணி போட்டிருக்கிறார்” என்று ஒதுங்கிப் போகிறோம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால், பல ஆண்டுகளாகக் குடிப்பவரின் தள்ளாட்டம், நினைவையும் உயிரையும் பறிக்கும் நோயாகவும் இருக்கலாம். அந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளைக்குள் மது

கள், சம்சு, பீர், விஸ்கி எதுவாயினும் போதை தருவது எத்தனால் என்ற ஒரே பொருள்தான். அது இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் மூளையை அடைகிறது. மூளையில் ‘காபா’ என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களை அமைதிப்படுத்துகிறது; ‘குளுட்டமேட்’ அவற்றைத் தூண்டுகிறது. காருக்கு பிரேக்கும் எக்சலரேட்டரும் போன்றவை இவை. மது பிரேக்கை அழுத்துகிறது, எக்சலரேட்டரைத் தளர்த்துகிறது.

மூளையின் முன்பகுதி மந்தமாகும்போது நிதானம் போகிறது. சிறுமூளை மந்தமாகும்போது நடை தள்ளாடுகிறது. நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் தடைபட்டால், இரவில் பேசியது மறுநாள் நினைவில் இருப்பதில்லை. அவர் மறந்துவிட்டார் என்பதைவிட, மூளை அதைப் பதிவு செய்யவே இல்லை என்பதே சரி.

புழுங்கல் அரிசி சொல்லும் பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பல உயிர்களைக் குடித்தது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே அது பரவலாகவும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடையே அரிதாகவும் காணப்பட்டது. 1905-இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதல் பிரிவில்தான் நோய் பரவியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின், அதாவது தயமின், அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் தெளிவானது.

இதற்கும் மதுவுக்கும் என்ன தொடர்பு? குளுக்கோஸை ஆற்றலாக மாற்ற மூளைக்குத் தயமின் கட்டாயம் தேவை. உடலில் அதன் இருப்போ சில வாரங்களுக்குத்தான் வரும். பெருங்குடியர் சோற்றைத் தள்ளி வைக்கிறார். உண்ணும் கொஞ்சத்திலிருந்தும் குடல் தயமினை உறிஞ்சவிடாமல் மது தடுக்கிறது. கல்லீரல் கெட்டால் அங்குள்ள சேமிப்பும் குறைகிறது. தமிழ்த் தொழிலாளியைப் புழுங்கல் அரிசி காத்த இடத்தில், மது அவரைக் கைவிடச் செய்கிறது.

தயமின் தீர்ந்தால் மூளையின் உட்பகுதி பட்டினி கிடக்கிறது. மனக்குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றும். 1881-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கியின் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது. மூன்று அறிகுறிகளும் எல்லாரிடமும் ஒருசேரத் தெரிவதில்லை. அதனால்தான் இது குடிபோதை என்று எளிதில் தவறாக எண்ணப்படுகிறது. உடனே ஊசி வழியாகத் தயமின் செலுத்தினால் பெரும்பாலும் மீட்கலாம். தாமதித்தால் மரணம் நேரலாம். அல்லது ‘கோர்சகாஃப்’ எனப்படும் நிரந்தர மறதி வரலாம். அந்நிலையில் பழைய நினைவுகள் ஓரளவு இருக்கும். காலையில் வந்து பார்த்த மகளை மாலையில் நினைவிருக்காது. விடுபட்ட இடத்தை நடக்காத கதைகளால் மூளை நிரப்பும். வீட்டார் அதைப் பொய் என்று கோபிப்பார்கள். அவரோ தாம் சொல்வதை உண்மை என்றே நம்புவார்.

திடீரென நிறுத்தினால்?

தினமும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மதுவுக்கு ஈடுகொடுக்கத் தன் பிரேக்கைத் தளர்த்தி, எக்சலரேட்டரைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் மது நின்றால் எக்சலரேட்டர் மட்டுமே மிஞ்சும். கை நடுங்கும், வியர்க்கும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள், இல்லாத பூச்சிகள் ஊர்வதைக் காணும் கடும் சித்தப்பிரமையும் ஏற்படலாம். சிகிச்சையின்றி இது உயிரைப் பறிக்கக்கூடும்.

தைப்பூச விரதத்துக்காகவோ குடும்பத்தாரின் வற்புறுத்தலுக்காகவோ ஒருவர் குடியை விட முனைவது பாராட்டத்தக்கது. ஆனால், பெருங்குடியரை அறையில் பூட்டி வைப்பதும், அவர் பிதற்றும்போது செய்வினை என்று பூசாரியைத் தேடுவதும் ஆபத்தானவை. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

நம் கடமை

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்துள்ளது. படிக்க வாய்ப்புக் கிடைத்த நாம் அவர்கள் பணியை வீட்டுக்குள் தொடரலாம்.

குடிப்பவர் வீட்டில் இருந்தால், அவர் சாப்பிடுகிறாரா என்று முதலில் கவனியுங்கள். குடிக்காத வேளையிலும் குழப்பமோ தள்ளாட்டமோ இருந்தால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எத்தனை ஆண்டுகளாக, எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மானம் போகிறதே என்று மறைத்தால், கொடுக்க வேண்டிய ஊசி தாமதமாகலாம். வலிப்பு வந்தால் 999-ஐ அழையுங்கள்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டில் மது வாங்கும் வயது 2017 டிசம்பர் 1 முதல் 18-லிருந்து 21-ஆக உயர்ந்தது. மூளையின் முன்பகுதியோ இருபத்தைந்து வயதளவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. சட்டம் அனுமதிக்கும் வயதிலும் நம் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. குடியை நிறுத்தியவர்களின் சுருங்கிய மூளை, சில மாதங்களில் ஓரளவு மீண்டும் பருமனாவதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. ஆகவே, “இனி என்ன பயன்” என்று யாரையும் கைவிட வேண்டியதில்லை. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர் வள்ளுவர். குடியைக் கடியும் அதே வேளையில் குடிப்பவரைக் காக்கவும் கற்போம்.