சோழமண்டலக் கடலின் இழுதுயிர்கள்

ஸ்ரீபெரும்புதூர்க்கும் ஒரகடத்திற்கும் இடையே உள்ள தொழிற்சாலைகளில் உழைப்போர் கடலைக் குறித்து நினைப்பது அரிது. ஆயினும் கார்த்திகை மழையில் ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பி வழியுங்கால், அந்நீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைந்து, அங்கிருந்து அடையாற்றின் வழியே வங்கக் கடலிற் கலக்கின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்தினின்று வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. இந்நன்னீர் கடலிற் சென்று யாது செய்கின்றது? அதனை ஆராய்வதற்கு ஓர் எளிய உயிரைத் துணைக்கொள்வோம்.

அவ்வுயிரை வலைஞர் சொறி என்பர். பட்ட இடம் அரிக்குமாதலின் அப்பெயர் தகும். நூல்கள் கூறும் இழுதுமீன் என்னும் பெயரோ முழுதும் பொருந்தாது. அது மீனன்று, அதற்கு எலும்புமில்லை, இதயமுமில்லை, உடலில் நூற்றுக்கு 95 பங்கிற்குக் குறையாமல் நீரே. இழுது என்பது நெய்யையும் கொழுப்பையும் குறிக்கும் பழஞ்சொல்லாதலின் இழுதுயிர் என்றே யான் வழங்குவேன். தமிழ் பயில்வோனுக்கு இவ்வளவு உரிமை உண்டென நம்புகிறேன்.

நம் கரையின் இழுதுயிர்களை மேனன் என்னும் அறிஞர் ஆராய்ந்தெழுதிய நூலைச் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலை 1930-இல் வெளியிட்டது. இவற்றுட் பலவற்றின் வாழ்வு இருநிலைப்பட்டது. முதலில் கடலடியிற் கல்லையோ சிப்பியையோ பற்றிச் சிறு பூமொட்டுப்போல் நிற்கும். வெப்பமோ உவர்ப்போ மாறும் பருவத்தில் அம்மொட்டினின்று தட்டுத்தட்டாகப் பிரிந்து, குடை வடிவாய் மிதக்கத் தொடங்கும். ஆகவே, திடீரெனக் கூட்டங்கூட்டமாக அவை தோன்றுவது மாயமன்று. பல திங்கள் கண்ணிற்படாது அடியில் இருந்ததன் விளைவே.

வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுமுகங்கள் திறக்க, கரைக்கடலின் உவர்ப்பு ஆயிரத்திற்கு 35 என்னும் அளவினின்று 30-க்கும் கீழே இறங்குவதுண்டு. நன்னீர் இலேசானதாதலின் மேலே பரவி நிற்கும். உவர்ப்பை விரும்பும் இழுதுயிர்கள் அதன்கீழ் அமிழ்ந்துவிடும். மழை ஓய்ந்து, காற்று நீரைக் கலக்கி, நுண்பாசியும் அதனை உண்ணும் சிற்றுயிர்களும் பெருகியபின்னர், அவற்றை இரையாகக் கொள்ளும் இழுதுயிர்களும் மேலே வரும். பருவத்தைப்போலவே பொழுதும் கருதத்தக்கது. இவற்றுட் பல பகலில் ஆழத்திற் தங்கி இரவில் மேலெழுவன. நண்பகலில் மேற்பரப்பில் மட்டும் வலைவீசி, கடலில் இழுதுயிரே இல்லை என்று முடிவு செய்பவன் பகலில் ஆந்தையைத் தேடியவனை ஒப்பான்.

இவ்வாராய்ச்சியால் வரும் பயன் யாதெனின், கல்பாக்கத்தைக் காண்க. அங்கு 1984 முதல் மின்சாரம் வழங்கிவரும் அணுமின் நிலையம், நீராவியைக் குளிர்விக்கும் பொருட்டு, கடலுள் 468 மீட்டர் தூரம் செல்லும் சுரங்கத்தின் வழியே கடல்நீரை ஈர்க்கின்றது. இழுதுயிர்க் கூட்டம் அந்நீரோடு உள்ளே வந்து சல்லடைகளை அடைப்பதுண்டு. அடைப்பு மிகின் உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும். ஒரகடத்து எந்திரங்களைச் சுழற்றும் மின்தொடரிற் சேர்வது அந்நிலையத்து மின்சாரமுமாம்.

வலைஞர்க்கு வேறு துன்பம். சொறி நிறைந்த வலை பாரத்தாற் கிழியும். உள்ளே அகப்பட்ட மீன் நசுங்கி விலையிழக்கும். பிரித்தெடுப்போர் கைகள் இரவெல்லாம் எரியும். எத்திங்களில், எப்பொழுதில், எத்தனை பாக ஆழத்தில் அவை நிற்கும் என்பதைக் குறித்துவைத்தால், வலையை எவ்வளவு இறக்குவது என்பதை அவர்கள் கரையிலேயே முடிவு செய்யலாம்.